385,000 ரூபாய் போய்விட்டது: பழைய காருக்கு ஓட்டோ கியர்பொக்ஸ் வாங்கப் போகிறவர்கள் கவனம்

நேற்று இரவு கொழும்பிலிருந்து வெறுங்கையோடு ரயிலில் திரும்பி வந்தேன். கோபம் இன்னும் அடங்கவில்லை. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் வாசியுங்கள்.

கார் அப்பாவுடையது. 1978 டொயோட்டா கிரவுன், ஆறு சிலிண்டர், மூன்று கியர் ஓட்டோ. ஒயில் குடிக்கத் தொடங்கியதால் எஞ்சினை இறக்கி, போர் பண்ணி (சிலிண்டரைக் கடைந்து), பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்றக் கல்லடியில் ஒரு கராஜில் விட்டேன். எஞ்சின் கீழே இருக்கும்போதே கியர்பொக்ஸையும் மாற்றிவிட்டால் இறக்கி ஏற்றும் கூலி ஒரு தடவையோடு முடியும். அந்த யோசனையில் பிழையில்லை, இப்போதும் சொல்கிறேன். டொயோட்டாவின் ஏ43டி வரிசை கியர்பொக்ஸ்களில் நாலாவது கியர் ஓவர்டிரைவ், அதாவது அதே வேகத்துக்கு எஞ்சின் குறைவாகச் சுற்றும் கியர், விகிதம் 0.69 அளவு. மூன்றாவதில் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் கத்துகிற எஞ்சின் அதே வேகத்தில் 2,070 அளவுக்கு இறங்கிவிடும். கொழும்புக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

எனக்கு வேண்டியது ஏ43டிஎல். ஒயில் அமுக்கத்திலேயே கியர் மாறும், கம்ப்யூட்டர் தேவையில்லை. ஏ43டிஇ என்று இன்னொன்று இருக்கிறது. அது கம்ப்யூட்டர் சொன்னால்தான் கியர் மாற்றும். என் காரோ கார்புரேட்டர் கார், கம்ப்யூட்டரே கிடையாது.

இணையத்தில் விளம்பரம் பார்த்து, கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் ஒரு கடைக்குப் பேசினேன். பெயர் போடவில்லை. கடைக்காரர் அருமையான தமிழ். வீடியோ கோலில் கியர்பொக்ஸைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். டிப்ஸ்டிக்கை இழுத்து வெள்ளைத் துணியில் துடைத்தார். ஒயில் பளிச்சென்று சிவப்பு. மணந்து பார்த்துவிட்டு, "எரிஞ்ச வாசமே இல்ல அண்ணன், என்னை நம்புங்க" என்றார். பக்கத்தில் வெட்டி டேப் சுற்றிய வயர்கள் தெரிந்தன. அது என்ன என்று நான் கேட்டேன். கேட்கத்தான் செய்தேன்! "ஓவர்டிரைவ் சுவிட்ச் வயர் அண்ணன். இந்தா கேபிள் இருக்கு பாருங்க, கேபிள் மொடல்தான்" என்றார். கேபிள் மொடல் என்றால் கம்ப்யூட்டர் தேவையில்லாதது என்று நினைத்து, அந்த இடத்தில் நம்பினேன். 100,000 முற்பணம், லொறியில் ஏற்றியதும் மிச்சம் 285,000. மொத்தம் 385,000 ரூபாய்.

கராஜ் பாஸ் (மெக்கானிக்) மேல் குறையே இல்லை. கூலர் குழாய்களைக் கழுவினார், எஞ்சின் சுழற்சியைப் பெட்டிக்குக் கடத்தும் டோர்க் கொன்வேட்டரைப் பம்புக்குள் முழுவதும் உட்காரவைத்த பிறகுதான் போல்ட் போட்டார். புதுப் பெட்டி நீளம் என்பதால் புரொப்பலர் ஷாஃப்டையும் வெட்டிக் குட்டையாக்கினோம். ஸ்டார்ட் பண்ணி, வழக்கமாக ஓட்டும் டி-யில் போட்டால் வண்டி மேல் கியரில் கிளம்புவதுபோல் முக்குகிறது. எல்-இல் (முதல் கியர்) மட்டும்தான் இழுக்கிறது. பெட்டியின் அடியிலிருக்கும் ஒயில் தட்டை (பான்) பாஸ் கழற்றினார். உள்ளே மூன்று சொலினொயிட், கம்ப்யூட்டர் இயக்கும் மின் வால்வுகள். அடியில் கரிச் சேறு, கிளட்ச் தேய்ந்த தூள். "தம்பி, இது நீங்க கேட்ட பெட்டி இல்ல. பழைய ஒயிலை வடிச்சுப்போட்டுப் புது ஒயில் ஊத்திக் காட்டியிருக்கான்" என்றார். கேபிள் இந்தப் பெட்டியிலும் அமுக்கத்துக்காக இருக்கிறதாம். அதைக் காட்டித்தான் என்னை ஏமாற்றியிருக்கிறான்.

போன் எடுத்தேன். முதல் நாள், "உங்க பாஸுக்கு வேலை தெரியாது." மறுநாள், "முதலாளி இல்ல, திங்கக்கிழமை எடுங்க." திங்கட்கிழமை எடுத்தால், "லொறியில அடிபட்டிருக்கும்." அடிபட்டால் சொலினொயிட் முளைக்குமா? படங்கள் அனுப்பியதும் வட்ஸ்அப்பில் தடுத்துவிட்டார்கள். நேரே போனேன். ஒரு மணித்தியாலம் வாசலில் நிற்கவைத்துவிட்டு, வீடியோவில் என்னை "அண்ணன், அண்ணன்" என்ற அதே ஆள் பில்லைத் தூக்கிக் காட்டினான். 'கியர்பொக்ஸ் 1', தொகை 385,000, கீழே 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது'. மொடல் எண் எங்கும் இல்லை. எண்ணை எழுதச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

என்னென்ன பார்க்கவேண்டும் என்று விரிவாக எழுதத்தான் தொடங்கினேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு: ஒயிலின் நிறத்தை நம்பாதீர்கள், அடியிலிருக்கும் ஒயில் தட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். வயர் வெட்டியிருந்தால் வாங்காதீர்கள். மொடல் எண்ணைப் பில்லில் எழுதாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். வீடியோ கோலைப் பதிவு செய்து வையுங்கள், நான் செய்யவில்லை.

நாளை காலை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குப் பேசப் போகிறேன். கார் இன்னும் கராஜில்தான், பழைய மூன்று கியர் பெட்டியையே திரும்பப் பூட்டச் சொல்லியிருக்கிறேன். இதே கடையிடம் மாட்டியவர்கள் இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள், முறைப்பாட்டைச் சேர்ந்தே கொடுப்போம்.