இறால் தொட்டிக்குப் பச்சைத் தரை: விதைப் பொட்டலமா, திசு வளர்ப்புக் கோப்பையா?

இறால் தொட்டியின் அடித்தரை முழுக்கப் பச்சையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் கண்ணில் முதலில் படுவது விதைப் பொட்டலம்தான். தூவினால் ஒரு வாரத்தில் முளைக்கும், மாதம் திரும்புவதற்குள் மண்ணே தெரியாது என்கிறது விளம்பரம். அது பொய்யில்லை. முளைக்கிறது, மண்ணும் மறைகிறது. அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பதைத்தான் பொட்டலத்தில் அச்சடிப்பதில்லை.

விதைக்குப் போட்டியாக நிற்பவை மூன்று: ஆய்வகத்தில் செடித் துணுக்கிலிருந்து ஜெல்லில் வளர்ந்த திசு வளர்ப்புக் கோப்பை, ராக்வூல் என்னும் கல்லிழைப் பஞ்சில் வேர்விட்டுச் சிறு சட்டியில் வரும் செடி, மாஸ் என்னும் பாசிச்செடி கட்டிய வலை. மீன்தொட்டி என்றால் அழகையும் வேகத்தையும் பார்த்து எதையாவது எடுத்துக்கொள்ளலாம். தொட்டியில் வாழப்போவது இறால் என்றால் கேள்வி வேறு: செடி தோற்றுப்போனால் தண்ணீர் என்ன ஆகும்?

விதை

தொட்டியில் நீர் நிரப்பும் முன், ஈர மண்ணில் தூவிய விதையைச் சுற்றி முதலில் வழவழப்பாக ஒரு படலம் ஊதும். ஓரிரு நாளில் வெள்ளை வெளேரென்று நுண்ணிய இழைகள் கிளம்பும். பூஞ்சை பிடித்துவிட்டது என்று பலர் பதறுவது இந்த இடத்தில்தான். பெரும்பாலும் அவை வேர்த்தூவிகள். பிறகு இரண்டிரண்டாக இலைகள் விரிந்து தரை பச்சையாகும். இதுவரை குறையே சொல்ல முடியாது. பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கும்.

சிக்கல் செடியின் அடையாளத்தில் இருக்கிறது. பொட்டலத்தின் படத்தில் இருப்பது தரையோடு படரும் சிற்றிலைச் செடிகளான ஹெமியாந்தஸ் கியூபாவோ கிளாசோஸ்டிக்மாவோ. ஆனால் கியூபா, மான்டி கார்லோ போன்ற தரைவிரிப்புச் செடிகளைப் பண்ணைகள் பெருக்குவது துண்டு நட்டும் திசு வளர்ப்பு முறையிலும்தான். பொட்டலத்துக்குள் இருப்பது பெரும்பாலும் ஏதோ ஒரு ஹைக்ரோஃபிலா இனம், இல்லையென்றால் நீருக்கடியில் வாழவே தெரியாத தரைச் செடி. ‘சின்ன இலை’, ‘பெரிய இலை’ என்று எழுதியிருப்பார்களே தவிர, தாவரப் பெயர் இருக்காது. அதுவே ஒரு தகவல்தான்.

ஹைக்ரோஃபிலாவாக இருந்தால் நீருக்குள் பிழைத்துக்கொள்ளும். ஆனால் தரையில் படராது, தண்டு விட்டு மேல்நோக்கி ஓடும். தரைச் செடியாக இருந்தால் கதை மோசம். காற்றில் வளர்ந்த இலை காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துப் பழகியது. அந்த வாயு நீரில் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. இரண்டு இடத்திலும் வாழத் தெரிந்த செடி, நீர் நிரப்பியதும் பழைய இலையை விட்டுவிட்டு மெல்லிய புது இலை விடும். தரைச் செடிக்கு அந்த வித்தை தெரியாது. சேமிப்பில் இருப்பதைத் தின்று சில வாரம் தாக்குப்பிடிக்கும். சில தொட்டிகளில் ஓரிரு மாதம்கூட நிற்கும். பிறகு அடியிலிருந்து இலைகள் கண்ணாடிபோல் வெளிறும், தொட்டால் கூழாகும்.

இதில் இரண்டு விஷயம் சேர்ந்து இறாலைக் கொல்கிறது. ஒரே நாளில் தூவி, ஒரே நாளில் முளைத்து, ஒரே நாளில் மூழ்கிய செடிகள் என்பதால் அழுகுவதும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில். அடுத்தது காலம். நீர் நிரப்பி, சைக்ளிங் (கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவை வளரவிடும் காலம்) முடித்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டியதும் நம்பி இறாலை விடுகிறோம். தரை சரியத் தொடங்குவதும் அப்போதுதான். அம்மோனியா ஏறுகிறது, அழுகலைத் தின்னும் பாக்டீரியா இரவில் ஆக்சிஜனை உறிஞ்சுகிறது. விடியற்காலையில் இறால்கள் எல்லாம் ஃபில்டர் வாயருகிலும் நீர்மட்டத்திலும் ஒட்டிக்கொண்டிருந்தால், தரையை ஒரு விரலால் கிளறி முகர்ந்து பாருங்கள்.

திசு வளர்ப்புக் கோப்பை

விலையும் அதிகம், கையில் வருவதும் கொஞ்சம். ஒரு கோப்பையைப் பிரித்து நட்டுவிட்டுப் பார்த்தால் முதல் வாரங்களில் வழுக்கைத் தரைதான் தெரியும். இருந்தும் இறால் தொட்டிக்கு என் ஓட்டு இதற்குத்தான். கிருமி நீக்கிய ஜெல்லில் வளர்ந்ததால் நத்தை முட்டை, பிளானேரியா என்னும் தட்டைப்புழு, ஹைட்ரா என்னும் கொட்டும் சிற்றுயிர், ஊசித்தும்பியின் இளம்பூச்சி எதுவும் கூட வராது. பூச்சிமருந்து எச்சமும் இருக்காது. முக்கியமாக, கோப்பையில் எழுதிய பெயர்தான் உள்ளே இருக்கும் செடி.

ஜெல்லில் சர்க்கரை உண்டு. விட்டுவைத்தால் தொட்டியில் பாக்டீரியா கொழிக்கும், அதனால் வெதுவெதுப்பான நீரில் முழுக்கக் கழுவ வேண்டும். பிறகு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கொத்துக்கொத்தாகப் பிரித்து, இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில், இலை நுனி மட்டும் தெரிகிற ஆழத்துக்கு ட்வீசரால் நடுங்கள். மேலோட்டமாக நட்டால் மறுநாள் பாதி மிதக்கும். இதிலும் சில கொத்துகள் கரையத்தான் செய்யும். ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கரையும். சைஃபன் குழாயால் உறிஞ்சி எடுத்துவிடலாம்.

எந்தச் செடி என்பதில் எனக்குத் தயக்கமில்லை. கியூபா அழகில் முதலிடம், ஆனால் கரியமில வாயு செலுத்தாத தொட்டியில் அதைத் தரையாக்குவது குதிரைக்கொம்பு. மான்டி கார்லோவின் இலை சற்றுப் பெரிது, வேர் உறுதி, வாயு இல்லாமலும் மெதுவாகப் படரும். இறாலுக்குத் தாங்கும் அளவில் வாயு கொடுத்தாலே அதற்குப் போதும். அந்த ‘தாங்கும் அளவு’ இறாலைப் பொறுத்தது. மீனும் செடியும் உள்ள தொட்டிகளில் கரைந்த வாயுவை 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு) வரை கொண்டுபோவார்கள்; இறாலுக்கு அதற்குக் கீழேயே நிறுத்துங்கள். செர்ரி முதலான நியோகாரிடினா வகை இறால்கள் ஓரளவு சமாளிக்கும். கிரிஸ்டல் ரெட் போன்ற காரிடினா வகை இறால்களை வளர்க்கும் நீரில், பிஹெச்சை (அமில-காரத்தன்மையை) நிலையாக வைக்கும் கார்பனேட் அளவான கேஹெச் 0 அல்லது 1தான் என்பதால், வாயு ஏறி இறங்கும்போதெல்லாம் பிஹெச்சும் கூடவே ஆடும். காரிடினா வளர்ப்பவர் வாயு இல்லாத மான்டி கார்லோவோடு பொறுமையாக இருப்பதே மேல்.

ஹேர்கிராஸ் எனப்படும் எலியோகாரிஸைப் பற்றி ஒரு வரி: கொடி விட்டுப் படரும், வெட்டிய துணுக்குகளைப் பொறுக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

சட்டிச் செடி

மலிவு, கொத்தும் பெரிது. மீனுக்கு எடுப்பான தேர்வு, இறாலுக்கு ஆபத்தான தேர்வு. பண்ணையில் பூச்சிமருந்து பட்டிருந்தால் மீன் ஒன்றும் ஆகாமல் நீந்தும். இறால் அன்றே துடிக்கும். வாங்கினால் ராக்வூலை முழுக்க நீக்கி, தனி வாளியில் தினமும் நீர் மாற்றி ஓரிரு வாரம் ஊறவிட்ட பிறகே தொட்டிக்குள் விடுங்கள்.

மாஸ் வலை

செடித்தரை என்று இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு. இறாலுக்கு அந்த வாதம் தெரியாது. எஃகு வலையில் ஜாவா மாஸையோ கிறிஸ்துமஸ் மாஸையோ மெல்லிய அடுக்காக நூலால் கட்டி அடியில் பரப்பினால் போதும். வாயு வேண்டாம், சத்து மண் வேண்டாம், பலத்த வெளிச்சமும் வேண்டாம். முட்டையிலிருந்து வரும் நியோகாரிடினாக் குட்டி சுமார் 2 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதற்கு உடனே தேவை ஒளிய இடமும், மேய நுண்ணுயிர்ப் படலமும். மாஸில் இரண்டும் இழைக்கு இழை கிடைக்கும். தரை அழுக்கானால் வலையோடு தூக்கி அலசலாம், வேறு எந்தத் தரையிலும் இந்த வசதி கிடையாது. எண்ணிக்கை பெருக வேண்டும் என்பது மட்டுமே நோக்கமென்றால் மான்டி கார்லோவைவிட இதையே சொல்வேன். பார்க்க நேர்த்தியாக இருக்காது, அவ்வளவுதான்.

உலர் தொடக்கம் யாருக்கு?

மண்ணை மட்டும் நனைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி, தினம் சற்றுத் திறந்து காற்று விட்டு, நான்கு முதல் எட்டு வாரம் செடியை வளர்த்துப் பிறகு நீர் நிரப்பும் முறையைத்தான் விதைக்காரர்களும் சொல்கிறார்கள். முறையில் பிழையில்லை. அதே வாரங்களைத் திசு வளர்ப்பு மான்டி கார்லோவுக்குக் கொடுத்தால், நீர் நிரப்பிய பிறகும் தரை நிற்கும். விதையின் வேகம் என்ற ஒரே சாதகமும் இங்கே அடிபடுகிறது. இரண்டிலும், நீர் நிரப்பியபின் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நிலைத்து மேலும் சில வாரம் கடந்த பிறகே இறால்.

ஏற்கெனவே விதைத்தரை போட்டு இறாலும் விட்டாயிற்று என்றால், செடி பச்சையாக இருக்கும்போதே வேலையைத் தொடங்குங்கள். வேரோடு பிடுங்கினால் மண்ணுக்குள் இருக்கும் அழுக்கெல்லாம் நீரில் கலக்கும். மண்மட்டத்தில் கத்தரியுங்கள், ஒரு வாரத்துக்குத் தரையில் கால்வாசிக்கு மேல் வேண்டாம். வெட்டியதை உடனே வலையால் அள்ளி, காலியான இடத்தில் மாஸ் வலையையோ மான்டி கார்லோக் கொத்தையோ வையுங்கள். அள்ளியதைக் குளத்திலோ சாக்கடையிலோ போடாமல் வெயிலில் நன்றாகக் காயவிட்டுக் குப்பையில் சேருங்கள். என்ன இனம் என்றே தெரியாத செடி அது.