40 ரூபாய் பேட்டரிக்கு ஹார்ட் டிஸ்கையே அழித்துவிட்டார்கள்

வீட்டில் பத்துப் பதினைந்து வருடப் பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள், அதிலும் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருவில் அடித்த ஃபைல்களை வைத்திருப்பவர்கள், ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என் மாமாவின் கம்ப்யூட்டரில் கெட்டுப்போயிருந்தது மதர்போர்டில் இருக்கும் சின்னப் பேட்டரி ஒன்றுதான். பக்கத்து டவுனில் ஒரு கடை அந்தப் பேட்டரியைத் தொடவே இல்லை. ஹார்ட் டிஸ்கை ஃபார்மட் செய்து, 4,200 ரூபாய் வாங்கிக்கொண்டு, மாமா இருபது வருடமாகச் சேர்த்ததில் ஒரு பகுதியை இல்லாமல் செய்துவிட்டது.

மாமா அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். திருவாரூர் மாவட்டத்துக் கிராமங்களில் பெண்கள் பாடிய நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, பிறகு வேர்டில் பாமினி என்ற யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்தார். பாடியவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஓடு பறந்து, நோட்டுகளில் பாதிக்கு மேல் நனைந்து ஒட்டிப்போய்விட்டன. அதன் பிறகு அந்தப் பாட்டுகளுக்கு இருந்த ஒரே இடம் இந்தக் கம்ப்யூட்டர்தான். இதைக் கடைக்காரரிடம் மாமா வாய்விட்டே சொல்லியிருக்கிறார்: "தம்பி, எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள், உள்ளே இருக்கும் பாட்டுகள் மட்டும் போகக் கூடாது." "எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் கை வைப்போம் சார்" என்று அவரும் சொல்லியிருக்கிறார். 'பேக்கப்' என்று தனியாக 1,000 ரூபாயும் எழுதியிருக்கிறார்.

என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். இதே கோளாறு உங்கள் வீட்டிலும் வரும்.

கம்ப்யூட்டர் 2009-இல் வாங்கியது. விண்டோஸ் விஸ்டாவோடு வந்ததைக் கழற்றிவிட்டு, அப்போது பலரும் செய்ததுபோல அதற்கு முந்தைய விண்டோஸ் எக்ஸ்பி போட்டுக்கொண்டார்கள். எக்ஸ்பி சி.டி.க்கு ஏ.எச்.சி.ஐ. என்ற ஹார்ட் டிஸ்க் முறை தெரியாது. அதனால் பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை மென்பொருளின் செட்டிங்கில் போய் அதை ஐ.டி.இ. என்ற பழைய முறைக்கு மாற்றிவிட்டுத்தான் எக்ஸ்பியை நிறுவ முடியும். அந்தச் செட்டிங், தேதி, நேரம் எல்லாவற்றையும் கரண்ட் இல்லாதபோதும் நினைவில் வைத்திருப்பது சி.ஆர்.2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. மாமா மழைக்காலத்தில் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடுவார். இந்த முறை திரும்பப் போட்டபோது பேட்டரி தீர்ந்திருந்தது. செட்டிங் எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த நிலைக்குப் போய்விட்டது. தேதி 2009-க்குத் திரும்பியது, ஐ.டி.இ. மறுபடியும் ஏ.எச்.சி.ஐ. ஆனது, எக்ஸ்பியால் தன் டிஸ்கையே கண்டுபிடிக்க முடியாமல் நீலத் திரை வந்தது.

மாமா எதையும் எழுதி வைக்கிற மனிதர். அந்த நீலத் திரையில் இருந்ததை அன்றைய தேதி போட்டு நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்: பூஜ்யம், எக்ஸ், வரிசையாகப் பூஜ்யங்கள், கடைசியில் 7பி. அதற்கு மேலே, "எஃப்1 அழுத்தச் சொல்கிறது, கடிகாரம் தவறு" என்றும் ஒரு வரி. இந்த இரண்டு வரியைக் கம்ப்யூட்டர் தொழில் தெரிந்த யாரிடம் காட்டினாலும் நோய் என்னவென்று சொல்லிவிடுவார். 7பி என்றால், விண்டோஸ் தொடங்க வேண்டிய டிஸ்கை அணுக முடியவில்லை என்று பொருள். கடிகாரமும் தவறாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியை. பேட்டரியை மாற்றி, பயாஸில் ஒரே ஒரு வரியை ஐ.டி.இ. என்று திருப்பியிருந்தால் பத்து நிமிடத்தில் எக்ஸ்பி பழையபடி வந்திருக்கும். பாட்டுகள் ஒன்றுகூடக் கலைந்திருக்காது.

கடையில் சொன்னது: "விண்டோஸ் கரப்ட் ஆகிவிட்டது, மதர்போர்டும் வீக்." ஒரு வெள்ளைத் தாளில் மதர்போர்டு சர்வீஸ் 1,200, ஒரிஜினல் விண்டோஸ் 7 1,500, ஆன்டிவைரஸ் 500, பேக்கப் 1,000 என்று எழுதிக் கொடுத்தார்கள். கடைப் பெயர், முத்திரை, கையெழுத்து எதுவும் அதில் இல்லை.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது நான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பழைய பேட்டரி அதே இடத்தில், மேலே தூசியோடு அப்படியே இருந்தது. மல்டிமீட்டரில் வைத்தால் ஒன்றரை வோல்ட்கூட இல்லை. பயாஸ் இன்னும் ஏ.எச்.சி.ஐ.யில்தான் இருந்தது. விண்டோஸ் 7-க்கு அந்த முறை தெரியும் என்பதால் அது தானாக ஏறிக்கொண்டது. 1,200 ரூபாய் வாங்கிய 'மதர்போர்டு சர்வீஸ்' என்பது நடக்கவே இல்லை. அந்தச் செத்த பேட்டரியால் பிளக்கைப் பிடுங்கும்போதெல்லாம் தேதி 2009-க்குப் போய், எந்த இணையதளத்தைத் திறந்தாலும் 'சான்றிதழ் செல்லாது' என்று வந்திருக்கிறது. அதற்கும் கடையில் ஒரு பதில் வைத்திருந்தார்கள்: "இந்த மிஷினில் இனிமேல் நெட் வராது சார், புதிது வாங்கிவிடுங்கள்."

'ஒரிஜினல் விண்டோஸ் 7' என்றார்களே, அதுவும் பொய். சில வாரத்தில் திரை கறுத்து, இந்த விண்டோஸ் பிரதி உண்மையானதல்ல என்று மூலையில் எழுத்து வந்துவிட்டது. விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதைப் புதிதாக வாங்கித் தருகிறேன் என்று இன்று ஒரு கடைக்காரர் சொன்னால், லைசென்ஸ் ஸ்டிக்கர் எங்கே என்று அங்கேயே கேளுங்கள்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது அடுத்த விஷயத்தில்தான். அதே ஹார்ட் டிஸ்கில் ஃபார்மட் ஆகாத பகுதியான டி டிரைவில் இருந்த தாலாட்டு ஃபைலை மாமா திறந்தபோது, 'ஆராரோ' என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், யு, எச், என், யு, எச் என்று ஆங்கில எழுத்துகள் நின்றன. பக்கம் பக்கமாக அப்படியே. மாமா பதறிப்போய்க் கடைக்கு ஓடியிருக்கிறார். அங்கே திரையைப் பார்த்துவிட்டு, "வைரஸ் தின்றுவிட்டது சார், ரெக்கவரி செய்ய 6,000 ஆகும், கியாரண்டி கிடையாது" என்று சொல்லியிருக்கிறார்கள். ஃபைலில் ஒரு எழுத்துகூடக் கெடவில்லை. பாமினியில் 'ஆ' என்பது எம் விசையிலும் 'ர' என்பது யு விசையிலும் இருக்கும். எழுத்துரு இருந்தால் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் விசை மட்டும் தெரியும். ஃபார்மட் செய்தபோது, விண்டோஸ் இருக்கும் பகுதியான சி டிரைவின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் இருந்த பாமினியும் சேர்ந்து போய்விட்டது, அவ்வளவுதான். இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து அந்த எழுத்துருவைக் கொண்டுவந்து போட்டதும் பாட்டு முழுவதும் தமிழில் வந்து நின்றது. ஊரெல்லாம் திருமணப் பத்திரிகை அடிக்கிற டி.டி.பி. கடைகளுக்குத் தெரிந்த இந்த விஷயம் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குத் தெரியாது என்று நான் நம்ப மாட்டேன். எழுபது வயது மனிதர் கண்கலங்கி நிற்கும்போது அவரிடம் 6,000 கேட்கத் தோன்றியிருக்கிறது.

பேக்கப் எடுத்ததாகச் சொன்னதும் பொய்தான். டி டிரைவை அவர்கள் தொடவில்லை. அதனால் அது தப்பியது. சி டிரைவில் மை டாக்குமென்ட்ஸில் இருந்தவை, அதாவது கடைசியாக அடித்த ஒப்பாரித் தொகுப்பு முழுவதும், அழிந்துபோனது. எதையும் எங்கும் நகலெடுக்கவில்லை.

மாமா மகள் வேறொரு வலையில் சிக்கினாள். விண்டோஸ் 7 போட்ட பிறகு சத்தம் வரவில்லை, திரையும் பெரிது பெரிதாகத் தெரிந்தது. இல்லாமல் போயிருந்தது டிரைவர், அதாவது ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸ் இயக்குவதற்குத் தேவையான சின்ன மென்பொருள். "கிராஃபிக்ஸ் கார்டு, சவுண்ட் கார்டு இரண்டும் வாங்க வேண்டும்" என்று கடையில் சொன்னதால், அவளே இணையத்தில் தேடியிருக்கிறாள். முதலில் வந்த தளம் இலவச ஸ்கேன் என்றது. ஸ்கேன் முடிந்ததும் சிவப்பில் நிறையக் கோளாறுகளைக் காட்டியது. அதில் ஒன்று, அந்த வீட்டில் இல்லவே இல்லாத பிரிண்டரின் டிரைவர். கார்டில் 1,799 ரூபாய் கட்டச் சொல்லியது; கட்டினாள்; சத்தம் வரவில்லை. வருடா வருடம் தானாகப் பிடித்துக்கொள்ளும் ஒப்பந்தம் அது என்று சின்ன எழுத்தில் இருந்தது. பாங்கில் சொல்லி அந்த அனுமதியை ரத்து செய்தோம்.

இந்தத் தளங்களுக்கு இவ்வளவு கூட்டம் வருவதற்குக் காரணம் உண்டு. பழைய டிரைவர்களை நிறுவனங்களே எடுத்துவிடுகின்றன. இன்டெல் தன் பழைய மதர்போர்டுகளின் டிரைவர்கள், பயாஸ் ஃபைல்கள் பலவற்றை 2019 நவம்பர் வாக்கில் தளத்திலிருந்து நீக்கியது. மைக்ரோசாஃப்ட் 2020 ஆகஸ்டில் பழைய முறையில் கையொப்பமிட்ட பதிவிறக்கங்களை எடுத்துவிட்டது. தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவது விளம்பரத்துக்குக் காசு கொடுத்தவன் தளம்தான். இன்னும் மோசமான கூட்டம், பெரிய கம்பெனியின் பெயரைச் சொல்லிப் போன் செய்து, "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், திரையை எங்களுக்குத் திறந்துவிடுங்கள்" என்று கேட்கும். இப்படிப்பட்ட கால் சென்டர்கள் மீது அமேசானும் மைக்ரோசாஃப்டும் கொடுத்த புகார்களின் பேரிலும் 2023 அக்டோபரில் சி.பி.ஐ. நாடு முழுவதும் சோதனை நடத்தியது. அப்படி அழைப்பு வந்தால் வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள்.

டிரைவர் தேடக் காசு கொடுக்க வேண்டியதே இல்லை. விண்டோஸில் பாகங்களின் பட்டியலைக் காட்டும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி இருக்கும் வரியைத் திறந்து, டீடெயில்ஸ் பக்கத்தில் ஹார்ட்வேர் ஐ.டி. என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'வென்' என்பதற்குப் பின்னால் வரும் நான்கு எழுத்து யார் தயாரித்தது என்று சொல்லும்: 8086 என்றால் இன்டெல், 1002 என்றால் ஏ.டி.ஐ., 10இசி என்றால் ரியல்டெக். அடுத்து 'டெவ்' என்று வருவது எந்த மாடல் என்று சொல்லும். மாமாவின் பெட்டியில் திரைக்கு இன்டெல், சத்தத்துக்கு ரியல்டெக். பெட்டியின் பின்னால் ஒட்டியிருந்த சீரியல் எண்ணைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் போட்டதும் இரண்டும் இலவசமாகக் கிடைத்தன. எந்தக் கார்டும் வாங்க வேண்டியிருக்கவில்லை. நிறுவனத் தளத்தில் இல்லாவிட்டால் இன்டர்நெட் ஆர்க்கைவில் தேடுங்கள். பழைய மதர்போர்டு சி.டி.க்களை அப்படியே ஏற்றி வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து எடுப்பதையும் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் சோதித்துவிட்டுத் திறங்கள். பதிவிறக்கத்தை வேறு கம்ப்யூட்டரில் செய்து பென் டிரைவில் கொண்டுபோவது நல்லது. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-க்குப் பிறகு வழக்கமான பாதுகாப்புத் திருத்தம் வருவதில்லை. அதை இணையத்தில் இணைக்காமல் தட்டச்சுக்கும் அச்சுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போவதற்கு முன் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். நான்கு திருகு, இரண்டு ஒயர். பேட்டரி, ரேம், பவர் சப்ளை, மதர்போர்டு எதைச் சோதிக்கவும் கடைக்காரருக்கு உங்கள் டிஸ்க் தேவையில்லை. டிஸ்கை யு.எஸ்.பி. கேபிளில் மாட்டி வேறு கம்ப்யூட்டரில் நகலெடுங்கள். அல்லது விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் என்ற இயங்குதளம் உள்ள பென் டிரைவில் அதே கம்ப்யூட்டரைத் தொடங்கி நகலெடுங்கள். சி டிரைவின் மை டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் இரண்டோடு, விண்டோஸுக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரையும் கட்டாயம் எடுங்கள். தமிழில் அடித்தவர்களுக்கு அந்த ஃபோல்டர் ஃபைல்கள் அளவுக்கே முக்கியம். ஃபார்மட் செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால், திரையில் வந்த பிழை எண் என்ன, அதற்குக் காரணம் என்ன என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அழிந்த ஒப்பாரிகளை மீட்க, அந்த டிஸ்கில் மேலும் எதுவும் எழுதப்படாமல் கழற்றி, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். பெயரில் ஃபோட்டோ இருந்தாலும் வேர்டு ஃபைல்களையும் அது தேடி எடுக்கும். ஆனால் பழைய ஃபைல் பெயர்கள் திரும்ப வராது. எஃப் என்று தொடங்கும் எண்களோடு ஆயிரக்கணக்கில் குவிந்ததை மாமா ஒவ்வொன்றாகத் திறந்து முதல் வரியைப் படித்து, இது யார் பாடியது என்று ஞாபகத்திலிருந்து பெயர் போட்டார். தொகுப்பில் பாதிக்குச் சற்று மேல் கிடைத்திருக்கிறது. மற்றவை இருந்த இடத்தில் விண்டோஸ் 7 ஏறி உட்கார்ந்துவிட்டது. அவை இனி வராது. கிடைத்த எல்லாவற்றையும் என்.எச்.எம். கன்வெர்ட்டரில் யூனிகோடுக்கு மாற்றி மூன்று இடங்களில் வைத்திருக்கிறோம்.

கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, செய்த வேலைக்குப் பில் தராததே முறையற்ற வணிக நடைமுறை. மாமா மொபைலில் பணம் அனுப்பிய பதிவு, வெள்ளைத் தாள், நாட்குறிப்புப் பக்கம், பழைய பேட்டரியின் படம் எல்லாம் எங்களிடம் இருக்கின்றன. 1915 உதவி எண்ணில் புகார் பதிவு செய்தாயிற்று. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இதே போல ஏமாந்தவர்கள், சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம்.