நியூசிலாந்து ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம்: நாட்காட்டிப் பகுதி மட்டும் ஒரு பார்வை

1989-இல் வெளிவந்த இந்த ஜெபப் புத்தகத்தின் பலமே அதன் பரிசுத்தவான்கள் நாட்காட்டிதான். அகஸ்டின், பிரான்சிஸ் வரிசையில் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் பெயர்களும் சம உரிமையோடு நிற்கின்றன.

அக்டோபர் 19, தாரோரே. 1836-இல் கொல்லப்பட்ட சிறுமி. பழிக்குப் பழி வேண்டாம் என்று அவளுடைய தந்தை ஙாகூகூ தடுத்தார். அவளிடமிருந்த மாவோரி மொழி லூக்கா சுவிசேஷம் பகைவர் கைக்குப் போய், பின்னர் தெற்கே ஓட்டாகி வரை சென்று பலரை மனந்திருப்பியது. பேராயரோ துறவியோ அல்லாத ஒரு குழந்தைக்குத் தனி நாள் கொடுத்திருப்பது துணிச்சலான தேர்வு.

நடைமுறையில் இடறும் இடமும் உண்டு. 1847-இல் கொல்லப்பட்ட மாவோரி நற்செய்தியாளர்கள் தே மனிஹேரா, கெரெயோபா இருவரின் நாள் மார்ச் 12. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து தொடங்கும் சாம்பல் புதன் மார்ச் 10-ஐத் தாண்டாது, ஈஸ்டர் மார்ச் 22-க்கு முன் வராது. ஆகவே இந்த நாள் எந்த ஆண்டும் லெந்து காலத்துக்குள்தான் விழும். ஆராதனை உடைக்கும் திரைக்கும் இரத்தசாட்சிகளுக்குரிய சிவப்பு நிறமா, லெந்தின் ஊதாவா என்பதை ஆராதனைக் குழு முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. ஏப்ரல் 11, நியூசிலாந்தின் முதல் ஆங்கிலிக்கன் பேராயர் செல்வின் நாள், சில ஆண்டுகளில் ஈஸ்டருக்கு முந்தைய பரிசுத்த வாரத்தில் மாட்டிக்கொள்ளும். அப்போது வேறு நாளுக்கு மாற்றுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

குறை ஒன்று: நாட்காட்டிப் பக்கங்களில் வாழ்க்கை வரலாறு கிடையாது. துணைத் தொகுப்பு இல்லாமல் பிரசங்கம் தயாரிக்க முடியாது.

இங்கிலாந்து திருச்சபை நாட்காட்டியிலும் வேதநாயகம் அசரியா (ஜனவரி 2), டோனாவூர் ஏமி கார்மைக்கேல் (ஜனவரி 18) உண்டு. ஆனால் மண்வாசனை நியூசிலாந்துப் பட்டியலில்தான் அதிகம்.