ரோட்டரி கார் கொயில் தாரேன்னு 1,15,500 ரூபாய ஏப்பம் விட்டுட்டான், பாத்து நடந்துக்கங்க

கை நடுங்குது டைப் பண்ண, எழுத்துப் பிழை இருந்தா விடுங்க. நேத்து ராத்திரி ஒம்பது மணிக்கு கொயில் வித்த அந்தாளு என்னைய ப்ளொக் பண்ணிட்டான். 68,000 ஒரு தடவ, 47,500 ஒரு தடவ, ஆக மொத்தம் 1,15,500 ரூபா. என் ரெண்டு மாசச் சம்பளத்துக்கு மேல.

வண்டி என்னோடது கூட இல்ல, மச்சானோடது. மஸ்டா ஆர்எக்ஸ்-8, 2004. கட்டார் போகும்போது "பத்தரமா பாத்துக்க, வாரம் ஒருக்கா ஓடிப் பாரு"ன்னு சாவிய குடுத்துட்டு போனான். ரோட்டரி என்ஜின்னா (பிஸ்டனுக்குப் பதிலா முக்கோண ரோட்டர் சுத்துறது) அவனுக்கு உசிரு, 1991ல லே மான்ஸ் ரேஸ்ல மஸ்டா ஜெயிச்ச கதைய நூறு தடவ கேட்டுட்டேன். நானும் ஒழுங்காத்தான் பாத்தேன், ஹட்டன்ல இருந்து தலவாக்கலை வரைக்கும் ஒரு ஓட்டம், சூடானதுக்கு அப்புறம் தான் ஓஃப் பண்றது, ஏன்னா இந்த என்ஜின குளுர்ல ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிசத்துல நிப்பாட்டினா உள்ள பெற்றோல் தேங்கிரும், மறுபடி எடுக்காது.

மூணு வாரத்துக்கு முந்தி, நல்ல மழ விட்ட மறுநாள் காலம்பற, சாவிய திருப்புறேன், செல்ஃப் நல்லா சுத்துது, என்ஜின் எடுக்கல. பெட்டரிய சார்ஜ் போட்டுப் பாத்தேன், அதே கத. எங்க ஊர்ல பட்டா லொறி, வேன், த்ரீவீல்னா பத்து பாஸ் (மெக்கானிக்) இருக்காங்க, ரோட்டரின்னா பொனட்ட தொறந்து பாத்துட்டு மூடிட்டு போயிடுறாங்க. ஒரு பாஸ் மட்டும் ஒரு பிளக்க கழட்டி வயர்ல கோத்து வண்டி பொடியில (இரும்புல) வச்சு சுத்த விட்டு பாத்தாரு. நெருப்பு இல்ல. பிளக்குக்கு அந்த நெருப்ப, அதான் ஸ்பார்க்க, குடுக்குற நாலு கொயில்லயும் பாத்தோம், நாலுலயும் இல்ல.

சரின்னு பழைய சாமான் வாங்கி விக்கிற ஒரு ஒன்லைன் எடத்துல கேட்டு போட்டேன். பத்து நிமிசத்துல இந்தாளு கோல் எடுத்தான்.

இங்க தான் நான் விழுந்தது. மொதல்ல சாமான் பேச்சே இல்ல. "தம்பி எந்தப் பக்கம்"னான், சொன்னேன். "அட, நானும் தேயிலைத் தோட்டத்து லயத்துல பொறந்து வளந்தவன் தான், பெரட்டுக் களத்துல வெளையாடுன ஆளு, அம்மா இருபத்தஞ்சு வருசம் கொழுந்து எடுத்துச்சு"ன்னான். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன்னு எங்கள பத்தி கேக்குறான், காமன் கூத்து இன்னும் போடுறாங்களான்னு கேக்குறான். நாப்பது நிமிசம் பேசினோம். "காசு எங்கயும் ஓடிப் போகாது, வண்டிய மொதல்ல பாப்போம், வீடியோ அனுப்பு தம்பி"ன்னான். காசப் பத்தி அவசரப்படாத ஆள எப்பிடிங்க சந்தேகப்படுறது. என் பொண்டாட்டி பக்கத்துல இருந்து கேட்டுட்டு "நல்ல மனுசனா தெரியுது"ன்னா. இப்ப அதச் சொன்னா சண்ட வருது.

வீடியோ பாத்துட்டு சொன்னான், "ஆர்எக்ஸ்-8னா கொயில் தான் போகும் தம்பி, ஊர் ஒலகத்துக்கே தெரியும்". அது பாதி உண்ம, அதான் மோசம். இந்த வண்டிக்கு கொயில் வீக் ஆகுறது பேர் போன வியாதி தான். ரோட்டர் ரெண்டு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பிளக், கீழ லீடிங், மேல ட்ரெய்லிங், நாலு பிளக்குக்கு நாலு கொயில். செட்டு 80,000, பழைய நாலையும் அனுப்பி வச்சா 12,000 கழிச்சு 68,000ன்னான். "ரெண்டு பேர் கேட்டுட்டு நிக்கிறாங்க, நம்ம ஊர்ப்பயலுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்". அன்னைக்கு பின்னேரமே பேங்க்ல போட்டு சிலிப்ப அனுப்பிட்டேன். பழைய கொயில் நாலையும் பழைய பேப்பர்ல சுத்தி நானே கொழும்பு பஸ்ல போட்டு விட்டேன். நானே!

அஞ்சு நாள் கழிச்சு பார்சல் வந்துச்சு. மாட்டினோம். நெருப்பு இல்ல. கோல் எடுத்தேன். "அப்ப ஈசியு, என்ஜின் கம்ப்யூட்டர், அடிச்சிருக்கு தம்பி, பழைய கொயில் போகும்போது அதையும் சேத்து தூக்கிட்டு போகும், என்கிட்ட ஒண்ணு இருக்கு, 47,500". யோசிக்கவே இல்லையான்னு கேப்பீங்க. 68,000 போட்டாச்சு, இன்னும் கொஞ்சம் போட்டா வண்டி ஓடும்னு தான் மண்டைக்குள்ள ஓடுது. போட்டேன். அதுவும் வந்துச்சு, மாட்டினா டேஷ்போட்ல செக்யூரிட்டி லைட்டு மினுக்குது, வண்டி அப்பிடியே நிக்குது. எங்க வண்டியில இம்மொபிலைசர் (களவு போகாம இருக்க வச்ச பூட்டு) இருக்கு, வேற வண்டி ஈசியுவ சும்மா மாட்டினா சாவிய ஏத்துக்காதுன்னு எனக்கு இப்ப தெரியும். விக்கிறவனுக்கு அன்னைக்கே தெரியும். நல்ல வேள, பழைய ஈசியுவையும் அனுப்புன்னு அவன் கேட்டதுக்கு மட்டும் பொறகு பாப்போம்னு சொல்லி வச்சிருந்தேன்.

அதுக்கப்புறம் நடந்தது எல்லாம் சாக்கு தான். மொத நாள் "பாத்து சொல்றேன் தம்பி". அடுத்த நாள் போயா (பௌர்ணமி லீவு), கடை பூட்டு. அதுக்கடுத்து வீட்ல சாவு. அப்புறம் "உங்க பாஸ் பிழையா மாட்டி எரிச்சிருக்காரு". அப்புறம் "கரண்ட் சாமானுக்கு வாரண்டி இல்லன்னு எல்லாருக்கும் தெரியும்". தம்பி போய் "ஹலோ"வாச்சு, ஹலோ போய் "ஏன்டா"வாச்சு. அந்த ஒன்லைன் எடத்துல முறைப்பாடு போட்டா, நாங்க எடம் தான் தாரோம், கொடுக்கல் வாங்கல் உங்க பொறுப்புன்னு ஒரே வரி, நான் போட்ட போஸ்டையும் தூக்கிட்டாங்க. பொலிஸ்ல என்ட்ரி போட்டிருக்கேன், பாப்போம்.

இனி வயித்தெரிச்சல் கதைய கேளுங்க. முந்தா நாள் தலவாக்கலைல இருந்து ஒரு வயரிங் பாஸ கெஞ்சி கூட்டியாந்தேன், வயசானவரு, ரோட்டரி என்ஜின் ரிப்பேர் பண்ணினதே இல்லன்னு வந்த உடனே சொல்லிட்டாரு. பழைய ஈசியுவ திருப்பி மாட்ட வச்சாரு. பொனட்ட தொறக்கல. உள்ள உக்காந்து "சுத்துங்க தம்பி"ன்னாரு, ஆர்பிஎம் முள்ளையே பாத்துட்டு இருந்தாரு. செல்ஃப் சுத்தும்போது அந்த முள்ளு கொஞ்சமாச்சும் எந்திரிக்கணுமாம். அசையல. அப்புறம் பிளக்க கழட்டி மோந்து பாத்தாரு, அவ்வளவு நேரம் சுத்தியும் பெற்றோல் வாடையே இல்ல, காஞ்சு கெடக்கு. "நெருப்பும் இல்ல, பெற்றோலும் இல்ல, நாலு கொயில் ஒரே ராத்திரியில ஒண்ணா சாகுமா? என்ஜின் சுத்துறதே கம்ப்யூட்டருக்கு தெரியல"ன்னாரு. அவ்வளவு தான். கொயிலுக்கு 12 வோல்ட் வருதான்னு ஒரு தடவ பாத்தாரு, வருது. நேரா கீழ படுத்து முன்பக்கம் பெல்ட் ஓடுற சக்கரத்துக்கு கிட்ட இருக்கிற சென்சர் வயர புடிச்சாரு, மத்த கார்ல கிரான்க் சென்சர்ம்பாங்களே, இதுல எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் சென்சர், என்ஜின் சுத்துறத கம்ப்யூட்டருக்கு சொல்றது. மீட்டர் வச்சா ஒண்ணும் காட்டல, வயர வளைச்சு புடிச்சா ஆயிரம் ஓம் கிட்ட காட்டுது, விட்டா போயிருது. மேல ரப்பர் நல்லா இருக்கு, உள்ள கம்பி அந்து கெடக்கு. வெட்டி, ஈயம் வச்சு, டேப் சுத்தினாரு. முள்ளு எந்திரிச்சிருச்சு. 2,500 ரூபா கேட்டாரு. ரெண்டாயிரத்து ஐநூறு! நான் அழிச்சது 1,15,500.

ஆனா வண்டி சரியா ஓடுதா, அதுவும் இல்ல. அந்தாளு அனுப்பின நாலு கொயில்ல ரெண்டு செத்தது, அந்த ரெண்டுல ஒண்ணுல வெடிப்பு, அதுக்கு மேல கறுப்பு பெயின்ட் அடிச்சு மறைச்சிருக்கான். உசிரோட இருந்த ரெண்டையும் பாஸ் லீடிங்ல போட்டாரு, ஸ்டார்ட் ஆச்சு, ஒரே ஒதறல். ட்ரெய்லிங் இல்லாம ஓட்டாதீங்க, எரியாத பெற்றோல் சைலன்சருக்கு போயி, பொகைய சுத்தம் பண்ற கெட்டலைசர் சூட்டுல பழுத்துரும்னு சொல்லி ஓஃப் பண்ண வச்சாரு. என்னோட பழைய நாலும் நல்ல கொயிலு. அதத்தான் நானே பேப்பர்ல சுத்தி அனுப்பினேன். அவன் இந்நேரம் அத வேற யாருக்காச்சும் 80,000க்கு வித்துட்டு இருப்பான்.

எப்பிடி கண்டுபுடிக்கிறதுன்னு விவரமா எழுதணும்னு தான் ஒக்காந்தேன், முடியல, ஆத்திரம் ஆத்திரமா வருது. நாலுலயும் நெருப்பு இல்லன்னா கொயில் வாங்காதீங்க, ஆர்பிஎம் முள்ள பாருங்க, பிளக்க மோந்து பாருங்க, பியூஸ் ரிலே பாருங்க. பழைய சாமான கழட்டி யாருக்கும் அனுப்பாதீங்க. ஊர்க்கத பேசுறவன் கிட்ட காச முன்னுக்கு போடாதீங்க.

மச்சான் டிசம்பர்ல வாரான், இன்னும் சொல்லல. ஒரு உதவி மட்டும் பண்ணுங்க: கழட்டும்போது மாறிடக் கூடாதுன்னு என் மகளோட செவப்பு நெய்ல் பொலிஷ்ல நாலு கொயில்லயும் அடிப்பக்கம் புள்ளி வச்சேன், ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு. அந்த மாதிரி கொயில் எங்கயாவது விக்க வந்தா எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க.