கல்வராயனா, ஜவ்வாதா, ஏலகிரியா: கடலூர், புதுச்சேரியிலிருந்து ரெண்டு நாள் பைக் பயணத்துக்கு எது?

சனிக்கிழமை விடியற்காலை கிளம்பணும், ஞாயிறு ராத்திரி வீடு திரும்பணும், ஆளுக்கு ரெண்டாயிரத்துக்குள் முடியணும். இந்தக் கணக்குக்குள் டென்ட்டோடு போய்வரத் தோதான மலைகள் இந்த மூன்றும்.

முதலில் தூரம். புதுச்சேரியிலிருந்து விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி வழியாகக் கல்வராயன்மலையின் வெள்ளிமலைக்குச் சுமார் 150 கிலோமீட்டர். கடலூர்க்காரர்கள் பண்ருட்டி வழியாகப் போனால் இன்னும் கிட்டம். ஜவ்வாதுமலையின் ஜமுனாமரத்தூருக்குத் திருவண்ணாமலை, போளூர் வழியாகப் போனால் 190-ஐ நெருங்கும். ஏலகிரி 200-ஐத் தாண்டிவிடும். ஐம்பது கிலோமீட்டர்தானே என்று தோன்றும். மூட்டை கட்டிய 110 சிசி வண்டி சராசரியாக 40-ல்தான் ஓடும் என்பதால், அந்த ஐம்பதுக்கே ஒன்றேகால் மணி நேரம் போய்விடும். டென்ட்டை வெளிச்சத்தில் அடிப்பதா, செல்போன் டார்ச்சில் அடிப்பதா என்பதை அந்த நேரம்தான் முடிவு செய்கிறது.

லிட்டருக்கு 50 கொடுக்கும் வண்டி என்றால், உள்ளே சுற்றுவதையும் சேர்த்துக் கல்வராயனுக்கு 7 லிட்டர், ஏலகிரிக்கு 9 லிட்டர். பெட்ரோல் புதுச்சேரியில் விலை குறைவு, அங்கேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். மலையேறும் முன் கள்ளக்குறிச்சியிலோ போளூரிலோ மறுபடி நிரப்புங்கள். புதுச்சேரியில் வாங்கக்கூடாதது பாட்டில்! கல்வராயன் பக்கம் சாராய வேட்டைக்காகப் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். ஆர்சி, இன்ஷூரன்ஸ் கையில் இருக்கட்டும்.

சாலையைப் பார்த்தால் ஏலகிரிதான் சொகுசு. 14 கொண்டை ஊசி வளைவுகள், ஏறுவதில் பிரச்சினை இல்லை. இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். கியர் வண்டியை இரண்டாம் கியரில் விட்டால் இன்ஜினே பிடித்துக்கொள்ளும். ஸ்கூட்டியில் அந்த வசதி குறைவு. பிரேக்கை அழுத்தியபடியே இறங்கினால் டிரம் சூடேறி, லைனிங் கருகிய வாடை வரும், பிறகு பிடி தளர்ந்துவிடும். வாடை வந்ததும் ஓரங்கட்டிக் கால்மணி நேரம் ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

மலை நடைக்கும் ஏலகிரிதான். அங்குள்ள சுவாமிமலை உச்சி 1,300 மீட்டருக்குச் சற்று மேல். காட்டுப் பாதைகளில் வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் கால் வைக்காதீர்கள். 2018 குரங்கணி தீவிபத்துக்குப் பிறகு விதிகள் கடுமையாகிவிட்டன, கோடையில் பாதைகளை மூடியும்விடுவார்கள். ஆனால் வார இறுதி ஏலகிரியில் கூட்டமும் வாடகையும் சேர்ந்தே ஏறும். ரெண்டாயிரத்தில் இங்கேதான் துண்டு விழும்.

ஜவ்வாதுக்குப் போக வேண்டிய காரணம் வானம். விளக்கு வெளிச்சம் குறைவு என்பதால்தான் இந்த மலையின் காவலூர் வான் ஆய்வகத்தில் 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி நிற்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் அமாவாசையை ஒட்டிப் போங்கள். ஸ்வெட்டரும் குல்லாவும் கட்டாயம், கடலோரத்து உடம்புக்கு அந்தக் குளிர் பழக்கமில்லை. சனி, ஞாயிறோடு ஒருநாள் லீவு சேர்த்து மூன்று நாளாக்கினால்தான் இந்த மலைக்கு நியாயம் செய்தமாதிரி.

ரெண்டே நாள், முதல் டென்ட் என்றால் கல்வராயன்தான். பெரியார், மேகம் அருவிகள் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் டிசம்பர், ஜனவரியில் பார்க்கத் தோதாக இருக்கும், ஏப்ரலில் பாறைதான் மிஞ்சும். மேலே மழை இருட்டினால் ஓடைக்குள் இறங்காதீர்கள். காப்புக்காட்டுக்குள் டென்ட் அடிக்க முடியாது. ஊர்க்காரரிடம் கேட்டு அவருடைய பட்டா நிலத்தில் அடியுங்கள், சாப்பாட்டையும் அவர் வீட்டிலேயே காசு கொடுத்துச் சொல்லிவிட்டால் அடுப்புச் சுமை மிச்சம். வழிக்குப் பண்ருட்டியில் உடைத்த முந்திரி அரைக்கிலோ போதும், முழுப்பருப்பைவிட மலிவு.

டென்ட்டுக்கு அடியில் விரிக்கும் தார்ப்பாய் அதன் தளத்தைவிட நான்கு விரற்கடை உள்ளடங்கி இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேலே வழியும் மழைநீரை ஏந்தி அடியில் தேக்கிவிடும். டென்ட் ஒழுகுகிறது என்று கடைக்காரரைத் திட்டுபவர்களில் பாதிப்பேர் தார்ப்பாயை மடித்துவிடாதவர்கள்.

மூன்றுக்கும் முன்னால் ஒருநாள் செஞ்சி ராஜகிரியில் ஏறிப்பாருங்கள், புதுச்சேரியிலிருந்து 70 கிலோமீட்டர்தான். கோட்டை உச்சி சுமார் 800 அடி. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீரை முதுகுப் பையில் போட்டுக்கொண்டு காலையிலேயே ஏறுங்கள், பிற்பகலில் மேலே விடுவதை நிறுத்திவிடுவார்கள். கேரிபேக் கையில் தொங்கினால் குரங்கு பிடுங்கும். பாதியில் முழங்கால் வலித்தால் சுவாமிமலையைத் தள்ளிப்போட்டு, வெள்ளிமலைக்கே வண்டியை விடுங்கள்.