சுழலும் கம்பை நிறுத்த ஃபிளாஷா, எல்இடியா?

மதுரைப் பக்கம் ஒரு சிலம்பக் கூடத்தின் ஆண்டுவிழாச் சுவரொட்டிக்குப் படம் எடுக்கப் போயிருந்தேன். கறுப்புத் திரைக்கு முன்னால் ஒரு பெண் கம்பு சுற்ற வேண்டும். கம்பின் இரு முனையிலும் துணி சுற்றி மாவு தோய்த்திருக்கும்; அது சிதறி அவளைச் சுற்றி வளையமாக நிற்க வேண்டும். இரண்டு இரவுகள் கிடைத்தன. முதல் இரவு வாடகைக்கு எடுத்த 300 வாட் எல்இடி விளக்கு. மறுநாள் என்னுடைய மூன்று சிறிய ஃபிளாஷ்கள். ஃபிளாஷ் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்இடியின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். நிழல் எங்கே விழுகிறது என்பது கண்ணெதிரே தெரியும், அதே வெளிச்சத்தில் வீடியோவும் எடுக்கலாம், ஆடுபவர் கண் கூசித் தடுமாற மாட்டார். விலை குறைந்த விளக்கு என்றால் மட்டும் மின்சாரத்தின் துடிப்பு படத்தில் பட்டை பட்டையாக விழும், முன்பே சோதித்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் பையில் அடங்கும், பேட்டரியில் ஓடும். இவையெல்லாம் எனக்குப் பெரிய விஷயங்களாகப் படவில்லை.

விஷயம் கம்பின் நுனியில் இருக்கிறது. ஆடுபவரின் நெற்றி உயரத்துக்குக் கம்பு என்பது வழக்கமான அளவு, ஏறக்குறைய ஐந்தடி. நடுவில் பிடித்து நொடிக்கு மூன்று சுற்று சுற்றினால், நுனி நொடிக்கு 14 மீட்டர் ஓடும். மணிக்கு 50 கிலோமீட்டர், டவுன் பஸ்ஸின் வேகம். ஷட்டர் 1/1000 நொடி திறந்திருந்தால் அதற்குள் நுனி 14 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். கம்பே விரல் பருமன்தான். படத்தில் கம்பு இருக்காது, புகைதான் இருக்கும்.

எல்இடியில் 1/4000-க்குப் போனேன். நகர்வு மூன்றரை மில்லிமீட்டராகக் குறைந்தது, நல்லதுதான். ஆனால் அந்த வேகத்துக்கு வெளிச்சம் போதவில்லை. கேமராவின் ஒளியுணர்வை ஐஎஸ்ஓ 3200-க்கு ஏற்றி, லென்ஸின் துளையை எஃப் 2.8 என்று அகலத் திறந்த பிறகுதான் படம் தெரிந்தது. அவ்வளவு திறந்தால் குவியத்தின் ஆழம், அதாவது முன்னும் பின்னும் கூர்மையாகத் தெரியும் தூரம், போய்விடும். முகம் கூர்மையாக இருக்க, என்னை நோக்கி இரண்டடி முன்னால் வந்த கம்பின் முனை மங்கிக் கிடந்தது. போதாக்குறைக்கு, நொடிக்கு 20 படம் வேண்டுமென்று எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாறினேன். அது சட்டகத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கும். என் கேமரா முழுவதையும் படித்து முடிக்க ஏறக்குறைய 1/30 நொடி ஆகும். அதற்குள் கம்பு 36 பாகை திரும்பிவிடும். கேமராவின் திரையைப் பார்த்த ஆசான், “எங்கள் கம்பை வில்லாக்கிவிட்டீர்களே தம்பி” என்றார். நேராக நிற்க வேண்டிய மூங்கில் அரிவாள் போல வளைந்திருந்தது.

ஃபிளாஷில் கணக்கே வேறு. கூடத்தின் குழல்விளக்குகளை அணைத்துவிட்டால், ஷட்டர் 1/200-இல் திறந்திருந்தாலும் இருட்டில் ஒன்றும் பதியாது. ஒளி பாயும் அந்தக் கணம்தான் உண்மையான ஷட்டர். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஹரால்ட் எட்ஜர்டன் ஆப்பிளைத் துளைக்கும் தோட்டாவை 1964-இல் படமாக்கியதும் இந்த வழியில்தான். சட்டகம் முழுவதும் ஒரே கணத்தில் ஒளி பெறுவதால் கம்பு வளையாது.

ஆனால் எந்த ஃபிளாஷ் என்பதில்தான் பலரும் வழுக்குகிறார்கள், நானும் வழுக்கினேன். பெரிய ஸ்டுடியோ ஃபிளாஷ் இன்னும் நன்றாக உறைய வைக்கும் என்று நம்பி, மறுநாள் மாலை முதலில் ஒன்றைக் கடன் வாங்கி மாட்டினேன். பெட்டியில் ஒளி நீடிக்கும் நேரம் 1/1000 நொடி என்று போட்டிருந்தது. அந்த எண், ஒளி உச்சத்தில் பாதிக்குக் குறையும் வரை ஆகும் நேரம். அதன் பிறகும் ஒளி வாலைப்போல நீண்டு தேய்கிறது. பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை எண்ணினால் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகிவிடும். அதாவது 1/330, நுனி நான்கு சென்டிமீட்டர் ஓடும் நேரம். அதிலும் அது பழைய வகை. ஆற்றலைக் குறைத்தால் ஒளியின் நீளம் கூடும்.

கேமரா மேல் மாட்டும் சிறிய ஃபிளாஷ் இதற்கு நேர்மாறு. ஆற்றலைக் குறைத்தால் ஒளியை நடுவிலேயே வெட்டிவிடுகிறது. என்னிடம் இருக்கும் நிக்கான் எஸ்பி-910-இல் ஒளி நீடிக்கும் நேரம், கையேட்டுக் கணக்குப்படி: முழு ஆற்றலில் 1/880 நொடி, பதினாறில் ஒரு பங்கில் 1/10000, 128-இல் ஒரு பங்கில் 1/38500. பதினாறில் ஒரு பங்கு எனக்குப் போதும். நுனி நகர்வது ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. வெளிச்சம் குறைவுதான், அதனால்தான் ஒன்றுக்கு மூன்றாக வைத்தேன். ஐஎஸ்ஓ 800, துளை எஃப் 8 என்று சிறியது. அந்தப் படத்தைப் பெரிதாக்கியபோது மாவின் துகள்கள் உப்புக்கல் போலத் தனித்தனியாக நின்றன. துணி முடிச்சின் நூல் பிரிந்திருந்ததும் தெரிந்தது. ஒன்று மட்டும் கவனம்: அதிவேக ஒத்திசைவு என்று ஒரு வசதி உண்டு, அதைத் தொடாதீர்கள். அது ஃபிளாஷைத் துடிதுடிக்க வைத்துத் தொடர்விளக்காக மாற்றிவிடும். வந்த காரியம் கெட்டுவிடும்.

மாவைப் பற்றியும் ஒரு சொல். முதலில் கோலமாவு என்றுதான் இருந்தது. கல் பொடி கண்ணில் விழுந்தால் வம்பு என்று ஆசான் மறுத்தார். அரிசி மாவு என்றால் பக்கத்தில் தீ கூடாது, காற்றில் பறக்கும் மாவு தீப்பற்றும். பந்தம் சுற்றும் படத்தை அதனால் தனியாக வெளியில் எடுத்தோம். அங்கே தீயின் கோடு நீள வேண்டும் என்பதால் கால் நொடி திறந்து வைத்து, கடைசியில் ஒரு ஃபிளாஷ் அடித்தேன். அதில் எல்இடியை நான் முயலவில்லை. ஆயிரம் வாட்டைத் தாண்டிய பெரிய விளக்குகளையும் கையாண்டதில்லை. அவற்றால் என் குறைகளில் பாதி தீரக்கூடும்.

எல்இடிக்கு ஓர் இடத்தில் தோற்றேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஃபிளாஷில் ஒரு வீச்சுக்கு ஒரு படம்தான் எடுத்தேன். மிகக் கூர்மையானது என்று நான் பெருமையோடு நீட்டிய படத்தை ஆசான் ஒரே பார்வையில் தள்ளிவிட்டார்: “இடது கால் தப்பு, இதை ஒட்டினால் ஊரே சிரிக்கும்.” முந்தைய இரவின் வளைந்த கம்புப் படங்களில் சரியான காலடி நான்கைந்தில் இருந்தது. பிறகு அவரே பக்கத்தில் நின்று காலடியை எண்ணினார். அவர் “மூன்று” என்றதும் நான் அழுத்தினேன். ஒன்பதாவது முறை அவர் தலையசைத்தார். சுவரொட்டியில் இருப்பது அந்தப் படம்.