அடுக்கு ஃபில்டர்: திட்டிக்கொண்டே குடிக்கும் தண்ணீர்

"மச்சான், நீ வச்சிருக்கிற மாதிரி எவர்சில்வர் அடுக்கு ஃபில்டர் ஆஃபர்ல போட்டிருக்கான். வாங்கலாமா?" என்று நண்பன் கேட்டிருந்தான். ஒரு வரியில் பதில் அனுப்பியிருக்கலாம். ஆனால் நேற்று ராத்திரிதான் அது மறுபடியும் மேடையெல்லாம் வழிந்திருந்தது. அதனால்தான் இவ்வளவு நீளம்.

எல்லாருக்கும் தெரிந்த சாமான்தான். மேல் அடுக்கில் ஊற்றினால் மெழுகுவர்த்தி மாதிரி இருக்கும் பீங்கான் கேண்டில் வழியாகக் கீழ் அடுக்கில் சொட்டும். கரண்டு வேண்டாம், மோட்டார் இல்லை. கீழே எவ்வளவு இருக்கிறது என்பதும் வெளியிலிருந்து தெரியாது. அதுதான் வினை. கீழே பாதி இருக்கும்போது மேலே தளும்ப ஊற்றிவிட்டுப் படுத்தால், தண்ணீர் பாட்டுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு அடுக்கும் சேரும் இடத்தில் கசிந்து, மேடை, டிராயர், டிராயருக்குள் இருக்கும் பருப்பு டப்பா வரை போகும். விரல் முட்டியால் தட்டி மட்டம் கண்டுபிடிக்க வீட்டில் எல்லாரும் பழகிவிட்டோம். விருந்தாளிகள்தான் ஆபத்து, உதவி செய்கிறேன் என்று ஊற்றிவிடுவார்கள். மட்டம் காட்டும் கண்ணாடி வைத்த குழாய் தனியாக விற்கிறார்கள். அதைக் கூடவே கொடுத்தால் என்னவாம்?

இந்த வகை வடிகட்டியின் பூர்வீகத்தில் பாதி, நான் இருக்கும் லண்டன்தான். 1815இல் ஜான் டோல்டன் தன் சேமிப்பான 100 பவுண்டைப் போட்டு, லாம்பெத் பகுதியின் வாக்ஸ்ஹால் வாக் தெருவில் மார்த்தா ஜோன்ஸ் என்ற விதவை நடத்திவந்த மண்பாண்டப் பட்டறையில் ஜான் வாட்ஸோடு கூட்டுச் சேர்ந்தார். பீர் பாட்டில், மை பாட்டில், ஜாடி என்று ஓடிய தொழில். மகன் ஹென்றி 1846இல் கழிவுநீர்க் குழாய்க்கென்றே தனிப் பட்டறை போட்ட பிறகுதான் பெரும் பணம். அன்றைக்கு லண்டன் சாக்கடை விழுந்ததும் தேம்ஸில், குடிநீர் எடுத்ததும் தேம்ஸில். சாக்கடைக் குழாயையும் குடிநீர் வடிகட்டியையும் ஒரே குடும்பம் விற்றது. சாமர்த்தியசாலிகள்!

அந்தக் காலத்து ஜாடி வடிகட்டிகளைப் பெரிதாகப் புகழவும் முடியாது. உள்ளே கரி, நிறமும் வாடையும் போகும், காலரா போகாது. 1854 காலராவின்போது ஜான் ஸ்னோ என்ற டாக்டர் வீடு வீடாகக் கணக்கெடுத்தார். தண்ணீர் எடுக்கும் இடத்தை 1852இலேயே ஆற்றின் மேற்பகுதிக்கு மாற்றியிருந்த லாம்பெத் குடிநீர்க் கம்பெனியின் வீடுகளில் சாவு குறைவு. ஊருக்குள்ளேயே எடுத்துக்கொண்டிருந்த இன்னொரு கம்பெனியின் வீடுகளில் பல மடங்கு. கிருமியை நிஜமாகவே மறிக்கும் வடிகட்டி பிறகுதான் வந்தது. 1884இல் விஞ்ஞானி லூயி பாஸ்டரின் ஆய்வகத்திலிருந்து சாம்பர்லாண்டின் மெருகிடாத பீங்கான் குழல், 1891இல் ஜெர்மனியில் பெர்க்ஃபெல்டின் டயாட்டம் மண் கேண்டில். டயாட்டம் ஒரு நுண்பாசி. அதன் சிலிக்கா ஓடுகள் படிந்து படிந்து உண்டான மண் அது. டோல்டன் கேண்டில்களும் அந்த வழிக்கே வந்தன. துளைகள் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு என்பதால் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். அந்த மந்தத்தை நான் குறை சொல்லவே மாட்டேன்.

ஹென்றிக்கு 1887இல் சர் பட்டம், கம்பெனிக்கு 1901இல் ராயல் அடைமொழி. லாம்பெத் பட்டறை 1956இல் மூடப்பட்டது. பிளாக் பிரின்ஸ் ரோட்டில் சுடுமண் வேலைப்பாட்டோடு ஒரு கட்டடம் மட்டும் நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் வாசலுக்கு மேலே அண்ணாந்து பாருங்கள்.

இனி எனக்குப் பிடித்தது. ஓட்டம் குறைந்ததும் கேண்டிலைக் கழற்றி, சோப்புப் போடாமல், பச்சைத்தண்ணீரில் முரட்டு நாரால் தேய்க்க வேண்டும். பழுப்பாகக் கஞ்சி மாதிரி வழியும், அடியிலிருந்து வெள்ளை வெளேரென்று புதுத்தோல் வரும். ஊர் வீட்டு ஆர்.ஓ. மெஷினில் பச்சை விளக்கு எரியும், நம்பிக்கொள்ள வேண்டியதுதான். இங்கே பிடிபட்டது கையிலேயே ஒட்டும். இதற்காகவே ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்குகிறேன் என்றால் சிரிக்காதீர்கள். தேய்க்கத் தேய்க்க மெலியும் என்பது ஞாபகம் இருக்கட்டும். மயிரிழை விரிசல் விட்டாலும் குப்பைதான்.

லண்டன் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு இதில் போகாது. தண்ணீரில் கரைந்து கிடப்பதை இந்த மண் பிடிக்காது. டீயில் ஆடை மிதப்பது மிதக்கும், கெட்டிலில் படிவது படியும். அதே காரணத்தால், ஊரில் உப்புத்தண்ணீர் வரும் வீட்டுக்கு இதை வாங்கிக் கொடுப்பதும் வீண்.

ஆகவே மச்சான், வாங்காதே. உன் வீட்டில் வாண்டுகள் இரண்டு, போன மாதம் போட்ட மர மேடை வேறு. சுண்ணாம்பைக் குறைக்கும் ஜக் ஃபில்டர் போதும், டீயாவது நன்றாக இருக்கும். அந்த ஆஃபர் லிங்க்கை மட்டும் இங்கே அனுப்பு. கேண்டிலும் விலை குறைந்திருந்தால் எனக்கு ஒரு ஜோடி வேண்டும்.